கூட்டம் கூட்டுபவரே பொறுப்பாளர்: அரசியல் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, பெரிய கட்சி, சிறிய கட்சி என்ற வேறுபாடின்றி எல்லா அரசியல் கட்சிகளின் தலைவர்களுக்கும், தேர்தல்களை நடத்தும் ஆணையங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தொற்றுநோய் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் பொதுக்கூட்டங்களையும் பேரணிகளையும் மாநாடுகளையும் நடத்துவது குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். நோயும் பரவத் தொடங்கி, தேர்தல் தேதியும் நெருங்கிவிட்ட பிறகு இதைப் பேசினால், இவர் எந்தக் கட்சிக்காகப் பேசுகிறார் என்ற கேள்விதான் முதலில் எழும். எனவே உங்கள் எல்லோருக்கும் பொதுவாக, முன்கூட்டியே எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: கூட்டத்துக்கு வருபவர் தம் உடல்நலத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீங்கள் கைவிட வேண்டும், கூட்டத்தை அழைப்பவரே அதன் விளைவுகளுக்குப் பொறுப்பு என்பதை எல்லாக் கட்சிகளும் ஒன்றாக அமர்ந்து, எழுத்தில், அடுத்த நோய்ப்பரவலுக்கு முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2020 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் டல்சா நகரில், அன்றைய அதிபர் டொனால்டு டிரம்பின் தேர்தல் பரப்புரைக் கூட்டம் ஓர் உள்ளரங்கில் நடந்தது. கலந்துகொள்ளப் பதிவு செய்தவர்கள், கோவிட் தொற்றின் ஆபத்தைத் தாங்களே ஏற்பதாகவும், நோய் வந்தால் கூட்டத்தை நடத்துபவர்களைப் பொறுப்பாக்கப் போவதில்லை என்றும் ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. தீயணைப்புத் துறையின் கணக்குப்படி சுமார் 6,200 பேர் அரங்குக்கு வந்தனர். அடுத்த சில வாரங்களில் நகரில் தொற்று கூடியபோது, அந்த நாட்களில் நடந்த பெரிய நிகழ்ச்சிகள் அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும் என்று அந்நகரின் சுகாதாரத் துறை இயக்குநர் கூறினார். அந்தக் கூட்டத்தின் அரசியலைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. அந்த ஒப்புதலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் எழுத்தில் கேட்காவிட்டாலும் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் தம் தொண்டர்களிடம் மனத்தளவில் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். ஒருவர் தம் உடலைப் பற்றி மட்டுமே அப்படி ஒப்புதல் தர முடியும். வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்காகவோ, வாகனத்தில் பக்கத்தில் அமர்ந்து வருபவருக்காகவோ, மறுவாரம் அவரைத் தொட்டுப் பார்க்கப்போகும் செவிலியருக்காகவோ அவர் ஒப்புதல் தர முடியாது. தொற்றுநோயின் இயல்பே அதுதான்: துணிந்து வந்தவரோடு நின்றுவிடாமல், துணியாதவர் வீட்டுக்கும் போகிறது.

வருபவர்கள் எல்லோரும் விரும்பி வருகிறார்கள் என்பதும் முழு உண்மையன்று. ஒவ்வொரு கூட்டத்தின் ஓரத்திலும் வர வேண்டாம் என்று முடிவெடுக்க இயலாத பலர் நிற்கிறார்கள். பாதுகாப்புப் பணிக்கு அனுப்பப்படும் காவலர்கள், மேடையும் பந்தலும் அமைக்கும் தொழிலாளர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள், வாகன ஓட்டுநர்கள், செய்தியாளர்கள், எல்லாம் முடிந்த பின் அந்தத் திடலைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள் என்று இவர்களை எண்ணிக்கொண்டே போகலாம். கூட்டத்துக்குள் இருப்பவர்களிலும், தன் பகுதியிலிருந்து இத்தனை பேரை அழைத்து வர வேண்டும் என்று மேலிடம் குறித்த எண்ணிக்கைக்காக அலையும் கீழ்மட்ட நிர்வாகி இருக்கிறார். அவர் சொல்லைத் தட்ட முடியாமல் வந்தவர் இருக்கிறார். ஒருநாள் கூலியாகக் கிடைக்கும் பணத்துக்காக வண்டியேறியவரும் இருக்கிறார். இவர்களில் யார் காய்ச்சலோடு இருந்தாலும், வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்ற அறிவுரை அவர் காதில் ஏறாது, ஏனென்றால் வராமல் இருப்பதற்கு அவர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வருவதா வேண்டாமா என்ற தேர்வே இல்லாதவரிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது அறமன்று. அந்தத் தேர்வு முழுமையாக இருப்பது உங்களிடம் மட்டும்தான்.

நோய் எப்படிப் பரவுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. உங்களுக்கு ஆலோசனை கூற மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன். முதலாவது, மூச்சுக்காற்றின் வழியாகப் பரவும் நோய்களில் உரத்த குரல் அமைதியான மூச்சைவிட மிகுதியான நுண்துளிகளை வெளியேற்றுகிறது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்காஜிட் மாவட்டத்தில் ஒரு பாடற்குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தனர். இரண்டரை மணி நேர ஒத்திகைக்குப் பின் அவர்களில் 53 பேர் நோயுற்றனர் அல்லது நோயுற்றிருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டனர், இருவர் இறந்தனர். முழக்கமிடுவதற்காகவே மக்களை ஒன்றுசேர்க்கும் நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் இந்த ஒத்திகையை மறக்கக் கூடாது. இரண்டாவது செய்தி, காலத்தைப் பற்றியது. தொற்றியவருக்கு அறிகுறி தோன்றச் சில நாட்கள் ஆகின்றன. அவர் மருத்துவமனைக்குச் செல்ல மேலும் ஒரு வாரம் ஆகலாம். இறப்பு நேர்ந்தால் அது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகே நேர்கிறது. மறுநாள் காலையில் எல்லோரும் நலமாக இருப்பதைக் கண்டு, அடுத்த ஊரில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறீர்கள். முதல் கூட்டத்தின் விளைவு தெரியவரும்போது பத்தாவது கூட்டம் முடிந்திருக்கும். இதனால்தான் கண்கூடான சான்று கிடைத்த பிறகு நிறுத்திக்கொள்வோம் என்ற வாதம் தொற்றுநோய்க் காலத்தில் செல்லாது.

நூறாண்டுக்கும் முன்பே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது. 1918 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இன்ஃபுளுவென்சா தலைகாட்டியிருந்தது. பொதுமக்களிடையே முதல் நோயாளிகள் செப்டம்பர் 17 அன்று அறியப்பட்டனர். போர்க்கடன் பத்திரங்களுக்கு ஆதரவு திரட்டும் பெரும் ஊர்வலம் ஒன்று செப்டம்பர் 28 அன்று நடப்பதாக இருந்தது. அதை ரத்து செய்யும்படி மருத்துவர்கள் சிலர் வற்புறுத்தியும் நகரின் பொதுச் சுகாதாரப் பொறுப்பிலிருந்த வில்மர் குரூசன் அனுமதித்தார். ஏறத்தாழ 2,00,000 பேர் தெருக்களில் திரண்டனர். பள்ளிகளும் தேவாலயங்களும் திரையரங்குகளும் மூடப்பட்டது அக்டோபர் 3 அன்றுதான். ஆறு வாரங்களுக்குள் அந்நகரில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு மாறாக, அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் நோயாளிகள் அக்டோபர் 5 அன்று அறியப்பட்டனர். இரண்டே நாட்களில் கூட்டங்களுக்குத் தடை வந்தது. நோயின் உச்ச வாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஃபிலடெல்ஃபியாவில் 257 பேரும் செயின்ட் லூயிஸில் 31 பேரும் இறந்தனர் என்று பிற்கால ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அத்தனை இறப்புக்கும் ஓர் ஊர்வலமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. நோய் அதற்கு முன்பே நகருக்குள் நுழைந்திருந்தது, கப்பற்படைத் தளம் அருகில் இருந்தது, நெருக்கடியான குடியிருப்புகள் இருந்தன. என்றாலும், ஊர்வலத்தை அனுமதித்த அதே மனநிலைதான் பிற கட்டுப்பாடுகளையும் தாமதப்படுத்தியது என்பதை மறுக்க இயலாது. அந்த ஊர்வலத்தின் நோக்கத்தை அன்று எவரும் இழிவாகக் கருதவில்லை. நாட்டுக்காக, போரிலிருக்கும் வீரர்களுக்காக என்று சொல்லித்தான் அழைத்தார்கள். உங்கள் நோக்கமும் உயர்ந்ததாகவே இருக்கட்டும். நோக்கத்தின் உயர்வு நுண்ணுயிரின் பயணத்தைத் தடுப்பதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். மலேசியாவின் சபா மாநிலத்தில் 2020 செப்டம்பர் 26 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பரப்புரைக்காக, கடலுக்கு அப்பாலுள்ள மலேசியத் தீபகற்பத்திலிருந்து தலைவர்களும் தொண்டர்களும் சென்று திரும்பினார்கள். அதையடுத்து நாடெங்கும் தொற்றின் பேரலை எழுந்தது. சபா தேர்தலும் அதற்கு ஒரு காரணம் என்பதை அன்றைய பிரதமர் முகைதின் யாசினே ஏற்றுக்கொண்டார். பின்னர் நடந்ததை எதிர்க்கட்சித் தலைவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். 2021 ஜனவரி 12 அன்று நோய்ப்பரவலைக் காரணம் காட்டி அங்கே நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 வரை நீடித்த அந்த நெருக்கடிநிலையின் பெரும்பகுதியில் நாடாளுமன்றம் கூடவில்லை. மக்களாட்சிக்காக என்று சொல்லி நடத்தப்பட்ட கூட்டங்கள் நோயை வளர்த்தன. வளர்ந்த நோய் மக்களாட்சியின் மன்றத்தையே மூடுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. கூடும் உரிமையைப் பெரிதாக மதிப்பவர்கள்தான் நோய்க்காலத்தில் கூட்டங்களைப் பற்றி மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

இந்தியாவில் 2021-இல் மேற்கு வங்கத் தேர்தல் மார்ச் 27 முதல் ஏப்ரல் 29 வரை எட்டுக் கட்டங்களாக நடந்தது. இரண்டாம் அலை எழும்பி வந்த வாரங்கள் அவை. இடதுசாரிக் கட்சிகளும் பின்னர் ராகுல் காந்தியும் பெரிய கூட்டங்களை நிறுத்துவதாக ஏப்ரல் நடுவில் அறிவித்தபோது, வாக்குப்பதிவின் பாதிக் கட்டங்கள் ஏற்கெனவே முடிந்திருந்தன. ஊர்திப் பேரணிகளுக்கும் 500 பேருக்கு மேற்பட்ட கூட்டங்களுக்கும் தேர்தல் ஆணையம் தடை விதித்தது ஏப்ரல் 22 அன்று. அன்றுதான் ஆறாம் கட்ட வாக்குப்பதிவு நடந்தது. நான்கு நாள் கழித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்றும், அதன் அதிகாரிகள் மீது கொலை வழக்குக்கூடத் தொடரலாம் என்றும் வாய்மொழியாகக் கண்டித்தார். அந்தச் சொற்கள் கடுமையானவை, பொருத்தமற்றவை என்று உச்ச நீதிமன்றம் மே 6 அன்று கூறியது. அந்தக் கருத்தை நான் ஏற்கிறேன். ஆணையத்தைக் கண்டித்த எவரும் மேடையேறியவர்களை அதே அளவுக்குக் கண்டிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. விதி இல்லை என்றால் எதையும் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள்தானே? கூட்டத்தைக் கண்டு பெருமிதத்தோடு மேடையில் பேசிய தலைவர்களுக்கு, அதே நாட்களில் மருத்துவமனை வாசல்களில் ஆக்சிஜனுக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றிய செய்தி எட்டாமலா இருந்தது?

ஆனால் அதே ஆணையம் 2022 ஜனவரி 8 அன்று ஐந்து மாநிலத் தேர்தல்களின் அட்டவணையை வெளியிட்டபோது, பேரணிகளுக்கும் ஊர்திப் பேரணிகளுக்குமான தடையையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்து வெளியிட்டது. வீடுவீடாகச் செல்வோரின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. நிலைமையைப் பார்த்துப் பார்த்துத் தடையை நீட்டித்தது, பின்னர் படிப்படியாகத் தளர்த்தியது. எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நாளில் ஒரே விதி வந்ததால், கூட்டத்தை நிறுத்தியவர் பின்வாங்கினார் என்று எவரும் பேச இடமிருக்கவில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்பு இயலாததாகத் தோன்றியது அன்று இயன்றது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு கட்சி மட்டும் தன் கூட்டங்களை நிறுத்தினால், அதற்குக் கூட்டம் சேரவில்லை, அதனால்தான் நோயைச் சாக்காகச் சொல்கிறது என்று மறுகட்சி பேசும். திடலின் அளவே வெற்றியின் அளவு என்று ஊடகங்களும் எழுதும். தனியாக ஆயுதத்தைக் கீழே வைக்க எவருக்கும் மனம் வராது. எனவேதான் உங்களில் ஒருவரிடம் தனிப்பட்ட தியாகத்தைக் கேட்காமல், எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைக் கேட்கிறேன். அதை நோயற்ற காலத்தில் மட்டுமே நேர்மையாக எழுத முடியும். யாருக்கு அலை வீசுகிறது, யாருக்குக் கூட்டம் தேவைப்படுகிறது என்று தெரியாத நிலையில்தான் எல்லோருக்கும் பொருந்தும் விதி பிறக்கும்.

இனி, இந்த வேண்டுகோளை ஆட்சியில் இருப்பவர்கள் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. அதற்குப் போதிய அடிப்படையும் இருக்கிறது. உகாண்டாவில் 2020 நவம்பர் 18 அன்று, பாபி வைன் என்று அறியப்படும் எதிர்க்கட்சி அதிபர் வேட்பாளர் ராபர்ட் கியாகுலானி, கோவிட் விதிகளை மீறிக் கூட்டம் கூட்டியதாகக் கைது செய்யப்பட்டார். அதை எதிர்த்து எழுந்த போராட்டங்களைப் பாதுகாப்புப் படையினர் ஒடுக்கியபோது குறைந்தது 54 பேர் உயிரிழந்தனர். ஹாங்காங்கில் 2020 செப்டம்பர் 6 அன்று நடக்கவிருந்த சட்டமன்றத் தேர்தல் நோயைக் காரணம் காட்டி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் 2021 டிசம்பரில் அது நடந்தபோது தேர்தல் முறையே மாற்றப்பட்டிருந்தது. கொங்கோ மக்களாட்சிக் குடியரசில் 2018 டிசம்பர் 30 அன்று தேர்தல் நடந்தபோது, எபோலாவையும் பாதுகாப்பின்மையையும் காரணமாகச் சொல்லி பெனி, புட்டெம்போ பகுதிகளின் வாக்குப்பதிவை அடுத்த மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். புதிய அதிபரோ ஜனவரியிலேயே பதவியேற்றுவிட்டார். பரப்புரைக் கூட்டங்களை அதே பெனியில் அனுமதித்துவிட்டு வாக்கை மட்டும் தடுத்ததை மக்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? ஆத்திரமடைந்தவர்கள் அங்கிருந்த எபோலா மருத்துவ மையத்தையே தாக்கினார்கள். நோயை அரசியலுக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டால், மருத்துவர் சொல்லும் உண்மையும் அரசியலாகவே மக்கள் காதில் விழும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஆட்சியாளரின் கையில் மட்டும் ஒப்படைக்கும்படி நான் கேட்கவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையை ஏற்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காக அதைக் கட்டுப்படுத்தவும் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டப்படியானதாகவும், மக்களாட்சிச் சமூகத்தில் தேவையானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1984-இல் சட்ட வல்லுநர்களால் வகுக்கப்பட்ட சிராகூசா கோட்பாடுகள், இத்தகைய கட்டுப்பாடுகள் நோக்கத்துக்கு ஏற்ற அளவில், பாகுபாடின்றி, எதிர்த்து முறையிட வாய்ப்பளிப்பதாக இருக்க வேண்டும் என்று விளக்குகின்றன. இதிலிருந்து நடைமுறைக்கு வரவேண்டியவை சில உண்டு. கட்டுப்பாடு எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை ஆட்சியாளரின் அறிவிப்பு தீர்மானிக்கக் கூடாது. பொதுவில் வெளியிடப்படும் நோய்ப்பரவல் அளவுகளும் மருத்துவமனைகளின் நிலையும் தீர்மானிக்க வேண்டும். அந்த அளவுகளை எல்லாக் கட்சிகளும் ஏற்கும் மருத்துவ வல்லுநர் குழு முன்கூட்டியே வகுக்க வேண்டும். தடைக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு விழா என்ற பெயரில் ஆளுங்கட்சி நடத்தும் கூட்டமும் கூட்டம்தான். திறப்பு விழா, நலத்திட்டம் வழங்கும் விழா, பிறந்தநாள் விழா, வெற்றி ஊர்வலம் எதற்கும் விலக்கு இருக்கக் கூடாது. இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் உடன்படிக்கை முழுவதும் பொய்யாகிவிடும்.

மக்கள் தாங்களாகத் திரண்டு அநீதியை எதிர்க்கும் போராட்டத்தையும், ஒரு கட்சி தன் வலிமையைக் காட்டத் திரட்டும் மாநாட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. மாநாட்டைத் தள்ளிவைக்கலாம், கைது செய்யப்பட்டவரின் விடுதலைக்கான குரலைத் தள்ளிவைக்க முடியாது. திறந்தவெளியில், முகக்கவசத்தோடு, இடைவெளிவிட்டு நிற்பதால் ஆபத்து பெரிதும் குறைகிறது என்பதும் உண்மை. திறந்தவெளிக் கூட்டத்தில்கூட உண்மையான ஆபத்து பெரும்பாலும் திடலில் இருப்பதில்லை. அங்கு போய்வரும் அடைத்த வாகனங்களிலும், தங்க வைக்கும் மண்டபங்களிலும், பந்திகளிலும், தலைவர் வரும் நேரத்தில் தடுப்புக் கட்டைகளை நோக்கி முண்டியடிக்கும் நெருக்கத்திலும் இருக்கிறது. தேர்தல் ஆணையங்கள் திடலில் இடைவெளிக்கான வட்டம் வரைவதோடு நிறுத்திக்கொள்கின்றன. வட்டத்துக்குள் நிற்க வந்தவர் எப்படி வந்தார் என்பதையும் அவை கேட்க வேண்டும்.

எல்லா நோய்க்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் உடன்படிக்கை மனத்தில் கொள்ள வேண்டும். தட்டம்மைக் கிருமி நோயாளி சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடியது. தடுப்பூசி போடாத குழந்தைகளோடு பெற்றோர் வரும் கூட்டத்தில் இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எபோலா நோயுற்றவரின் உடல் திரவங்களின் வழியாகப் பரவுகிறது. அங்கே கைகுலுக்கலும் தழுவலும்தான் முதலில் நிற்க வேண்டும். காலராவுக்கு முகக்கவசம் எதுவும் செய்யாது. தூய குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத திடலில் ஆயிரக்கணக்கானோரை நாள் முழுவதும் உட்கார வைப்பதே குற்றம்.

கூட்டமில்லாமல் தேர்தல் எப்படி என்று கேட்பீர்கள். தென்கொரியா 2020 ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்றத் தேர்தலை நடத்தியது. வாக்காளர்களின் உடல்வெப்பம் பார்க்கப்பட்டது; கையுறை தரப்பட்டது; காய்ச்சல் இருந்தவர்களுக்குத் தனி வாக்குச்சாவடி இருந்தது; தனிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் மாலை ஆறு மணிக்குப் பின் வந்து வாக்களித்தனர். 66.2 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 1992-க்குப் பின் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் அதுவே மிக உயர்ந்த அளவு. சிங்கப்பூரில் 2020 ஜூலை 10 அன்று நடந்த பொதுத்தேர்தலில் நேரடிப் பொதுக்கூட்டங்கள் முற்றிலும் அனுமதிக்கப்படவில்லை. வேட்பாளர்களுக்குத் தொலைக்காட்சியில் கூடுதல் நேரம் தரப்பட்டது. கூட்டம் இல்லையென்றால் எதிர்க்கட்சிக்குக் குரலே இல்லாமல் போய்விடும் என்ற அச்சம் அங்கும் இருந்தது. ஆளுங்கட்சி 93 இடங்களில் 83-ஐ வென்றது என்றாலும், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 6 இடங்களிலிருந்து 10 இடங்களுக்கு உயர்ந்தது. சபாவில் பட்டறிந்த மலேசியாவும், 2021 நவம்பரில் மலாக்கா மாநிலத் தேர்தலின்போது பரப்புரைக் கூட்டங்களுக்குத் தடை விதித்தது. லைபீரியாவில் எபோலா பரவியபோது 2014 அக்டோபரில் நடக்கவிருந்த செனட் தேர்தல் டிசம்பர் 20 அன்று நடந்தது. தள்ளிவைப்பு குறுகியதாக இருந்தது, எல்லாத் தொகுதிகளுக்கும் ஒன்றாக இருந்தது, வாக்குப்பதிவும் உண்மையிலேயே நடந்தது. கொங்கோவில் பெனி மக்களுக்கு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கே மறுக்கப்பட்டதை மேலே சொன்னேன்.

கூட்டங்களுக்கு மாற்று இணையவழிப் பரப்புரைதான் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அது பணமுள்ள கட்சிக்கும் தொழில்நுட்பக் குழுக்களை வைத்திருக்கும் கட்சிக்குமே பெரிதும் உதவும் என்ற சிறிய கட்சிகளின் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். கைப்பேசி இல்லாத வாக்காளரும், இருந்தும் இணைய வசதி இல்லாத வாக்காளரும் பரப்புரையிலிருந்து விலக்கப்படக் கூடாது. எனவே நேரடிக் கூட்டங்களுக்குத் தடை வரும் அன்றே, பொது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எல்லாக் கட்சிகளுக்கும் இலவச நேரம் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தைப் பங்கிடும் முறையும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரின் அறிக்கையையும் ஒரே தொகுப்பாக அச்சிட்டு வீடுதோறும் சேர்க்கும் செலவை ஆணையமே ஏற்க வேண்டும். வீடுவீடாகச் செல்வதை முற்றிலும் தடுக்காமல், இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று பேசிவிட்டுச் செல்ல இடமளிக்க வேண்டும். என் எண்ணத்தில், வாசலில் நின்று ஐந்து நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்லும் வேட்பாளர், திடலில் ஒரு மணி நேரம் பேசுபவரைவிட வாக்காளரை மதிப்பவர்.

அழைப்பவரே பொறுப்பு என்று நான் சொல்வதன் நடைமுறைப் பொருளையும் தெளிவாக்கிவிடுகிறேன். தடைக் காலத்தில் கூட்டம் நடந்தால் வழக்கு வந்தவர் மீது பாயக் கூடாது. அனுமதி கோரிய நிர்வாகி மீது மட்டும் போட்டுவிட்டு, மேடையில் பேசிய தலைவரை விட்டுவிடவும் கூடாது. அனுமதிக்கப்பட்ட கூட்டங்களில், வந்தவர்களைத் தொடர்புகொள்ளும் விவரத்தைக் குறித்து வைத்து, யாருக்கேனும் நோய் உறுதியானால் மற்றவர்களுக்கு அறிவிக்கும் கடமை கட்சியுடையது. அந்த விவரம் சுகாதாரத் துறையைத் தவிர வேறு எவர் கைக்கும், குறிப்பாகக் காவல்துறைக்கும் கட்சியின் வாக்குக் கணக்கெடுப்புக்கும், போகக் கூடாது. குறித்த நாட்களுக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். பணியின் பொருட்டு வந்த காவலர், தொழிலாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கான பாதுகாப்புக் கருவிகள், பரிசோதனை, நோய்வாய்ப்பட்டால் ஊதியத்தோடு கூடிய ஓய்வு ஆகியவற்றின் செலவு, கூட்டத்தின் செலவுக் கணக்கிலேயே சேர வேண்டும். கூட்டம் நடத்துவதற்கு இத்தனை செலவாகும் என்று முன்பே தெரிந்தால், எத்தனை கூட்டங்கள் உண்மையில் தேவை என்பதையும் நீங்களே புதிதாக எண்ணிப் பார்ப்பீர்கள்.

இறுதிச் சடங்குக்கு இத்தனை பேர்தான், திருமணத்துக்கு இத்தனை பேர்தான் என்று நோய்க்காலத்தில் மக்களுக்கு வரம்பு வைக்கப்பட்டது. பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வரம்பை ஏற்றது அச்சத்தால் மட்டுமன்று. மற்றவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவும்தான். அவர்களிடம் விதியைக் கேட்ட அரசுகளின் தலைவர்களும், அரசாள விரும்பும் தலைவர்களும் அதே வாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு முன் நின்று கையசைத்தபோது, அவர்கள் மனத்தில் என்ன எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி உங்களை மன்றாடிக் கேட்கிறேன். அடுத்த நோய் வரும்போது அவர்களிடம்தான் நீங்கள் மறுபடியும் விதிகளைப் பின்பற்றும்படி கேட்கப்போகிறீர்கள்.

எனவே, தேர்தல் ஆணையங்கள் தத்தம் நாடுகளிலும் மாநிலங்களிலும் எல்லாக் கட்சிகளையும், சுகாதார வல்லுநர்களையும், கூட்டங்களில் பணியாற்றுவோரின் சங்கங்களையும் அழைத்து, இப்படியோர் உடன்படிக்கையின் வரைவை மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். கட்சிகள் தங்கள் பொதுக்குழுவிலோ செயற்குழுவிலோ அதை விவாதித்து, ஏற்கிறோம் அல்லது இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஏற்காத கட்சியின் காரணத்தைப் படிக்கவும் வாக்காளர்களாகிய எங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பதில்களை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்